பரலுக்குள் ஓடும் ஜப்பான்

சென்ற சனிக்கிழமை ஓலைத்தொடுவாய் என்ற மீனவ ஊரில் ஒரு எஞ்சின் குளிப்பதைப் பார்த்தேன்.

முற்றத்தில் நீலப் பிளாஸ்டிக் பரல். அது நிறையக் கிணற்றுத் தண்ணீர். மரச்சட்டத்தில் மாட்டிய ஜப்பான் படகு எஞ்சின் ஒன்று வாலைப் பரலுக்குள் விட்டுக்கொண்டு உறுமுகிறது. பத்து நிமிடம். பிறகு துடைத்து, பழைய சேலையால் போர்த்தி, விறாந்தையில் வைப்பார்கள். கடலுக்குப் போகாத எஞ்சினை இப்படி ஓட்டாவிட்டால் இறுகிப்போகுமாம்.

"எஞ்சினுக்குச் சனி முழுக்கு! எனக்கு ஒருநாள் எண்ணெய் வைச்சுவிட்டிருப்பாரோ?" என்றார் வீட்டுக்காரி மரியா. பிறகு சத்தத்துக்கு மேலாகக் கணவரைக் கூப்பிட்டார். "இஞ்சாருங்கோ, ஜப்பான் ஐயா வந்திருக்கிறார்!"

ஜப்பான் ஐயா... நான்தான். அந்தப் பட்டம் எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வெட்கம். ஆனால் இந்தப் பத்தியில் இதைவிடப் பெரிய வெட்கங்களை எழுதியும் உயிரோடு இருக்கிறேன்.

போன மாதம் முருங்கனில் ஒரு கருத்தரங்கு. தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு 'ஊக்குவிப்பு'. நடத்தியது ஒரு அரசாங்கக் கந்தோர் – பெயர் வேண்டாம். பேச்சாளர் நான். தலைப்பு, சாம்பலிலிருந்து எழுந்த ஜப்பான். பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் பல வருடமாக ஓடித் தேய்ந்த அதே பேச்சுத்தான். இரண்டு குண்டு, நிறையச் சாம்பல், கடைசியில் ஒரு புல்லட் ரயில். இடையில் உழைப்பு, ஒழுக்கம், நேரந்தவறாமை. அன்று முக்கால் மணி நேரம் பிந்திப் போய்த்தான் நேரந்தவறாமையைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள்.

தலைமை வகித்த அதிகாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பாத்தீங்களோ? அவங்கள் ஆரிட்டயும் கை நீட்டேல்ல. நீங்கள்தான் எப்ப பாத்தாலும் காணி தாங்கோ, கரை தாங்கோ எண்டு நிக்கிறியள்."

பின்வரிசையில் ஒருவர் எழும்பினார். ஐம்பது வயதிருக்கும். மீன்பிடிக்காரர், பெயர் சேவியர். மரியாவின் கணவர் இவர்தான்.

"ஐயா, ஒரு சந்தேகம். சண்டை முடிஞ்சாப்பிறகு அந்தச் சனத்துக்குக் காணி கிடைச்சதோ?"

"கிடைத்தது. பெரிய நிலக்காரரிடமிருந்து எடுத்து, குத்தகைக்குச் செய்தவர்களுக்கே மலிவாகக் கொடுத்தார்கள்."

"அப்ப முதலில காணி. பிறகுதான் உழைப்பு?"

"ஓம்... அப்படியும் சொல்லலாம்."

"நீங்கள் உழைப்பை மட்டும்தானே சொன்னீங்கள்?"

"நேரம் போகுது, ரீயைக் குடிப்பம்," என்றார் அதிகாரி.

ரீ வந்தது. ரோல்ஸும் வந்தது. எனக்கு இறங்கவில்லை. (இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். ஆனால் இறங்கவில்லை.)

ஏன் தெரியுமா? நான் தெரியாமல் விட்டவன் இல்லை. என் அலுமாரியில் ஜப்பான் வரலாறு ஒரு தட்டு நிறைய இருக்கிறது. குண்டு விழும் முன்பே அங்கே அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தொழிற்சாலைகள் இருந்தன என்பது தெரியும். அந்த ஆலைகளில் வயலில் பாடுபட்ட ஏழைக் கமக்காரரின் மகள்மாரை விடுதியில் பூட்டி வைத்து வேலை வாங்கியதும் தெரியும். அதே தேசம் கொரியாவையும் சீனாவையும் என்ன பாடு படுத்தியது என்பதும் தெரியும். தோற்ற பிறகு, பக்கத்துக் கொரியாவில் மூண்ட போருக்குச் சாமான் செய்து கொடுத்துத்தான் தொழிற்சாலைகள் மூச்சு விட்டன என்பதும் தெரியும். இதையெல்லாம் மேடையில் சொன்னால் யார் பொன்னாடை போர்த்துவார்கள்? ஒழுக்கம் என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூடிவிட்டேன். எந்த மேடையிலும் அதிகாரிகளுக்குப் பிடித்த சொல் அது. அதற்கு ஒரு கையெழுத்தும் தேவையில்லை.

சேவியருக்குத் தேவை ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் கரை என்பது வெறும் மணல் அல்ல. எந்தக் குடும்பத்தின் படகு எங்கே ஏறும் என்பது தகப்பன்மார் காலத்து வழக்கம். சேவியர் குடும்பத்தின் துண்டு, போர்க்காலத்தில் போட்ட கம்பி வேலிக்குள் இன்னும் கிடக்கிறது. பக்கத்துக்காரர் இரக்கப்பட்டு இரண்டு நாள் தங்கள் இடத்தில் ஏற்ற விடுவார்கள். மூன்றாம் நாள் முகம் மாறும். அதில் பிழை சொல்லவும் முடியாது. இதில் பெரிய பகிடி, அந்த எஞ்சினை வாழ்வாதார உதவி என்று கொடுத்ததே அதே கந்தோர்தான்! ரிப்பன் வெட்டி, படம் எடுத்து, எஞ்சின் கொடுத்தார்கள். அதை எங்கே இறக்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை சேவியர் என்னைக் கூப்பிட்டது ஒரு கடிதத்தைக் காட்ட. வேலியைப் பின்னுக்கு நகர்த்தச் சொல்லி அவர் எழுதியதற்கு அதே கந்தோரிலிருந்து பதில் வந்திருந்தது. வாசித்தேன்.

'விண்ணப்பதாரர் முருங்கனில் நடைபெற்ற ஊக்குவிப்புக் கருத்தரங்கில் பங்குபற்றிப் பயனடைந்துள்ளமையால் இக்கோவை முடிவுறுத்தப்படுகிறது.'

அதாவது, ஃபைலை மூடிவிட்டார்கள். கீழே கருத்தரங்கின் விபரம். அங்கே பேசிய வளவாளர் என்று என் பெயர். எழுத்துப் பிழை இல்லாமல்!

கரை கேட்டவருக்கு என்னைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தாலும் பிரஷர் மாத்திரை போட்டால் போய்விடும். இது போகவில்லை. அந்த முற்றத்திலேயே இருந்து கடிதம் எழுதினேன். 'எனது பேச்சு அரைகுறையானது. அதை வாபஸ் பெறுகிறேன். ஆகவே கோவையை மீண்டும் திறக்கவும்.'

திங்கட்கிழமை சேவியரும் நானும் கந்தோருக்குப் போனோம். கிளாக்கர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"ஐயா, பேச்சை வாபஸ் வாங்க எங்களிட்ட படிவம் இல்லையே..."

"அப்ப இதையும் பிடியுங்கோ," என்று அன்று போர்த்திய பொன்னாடையை மேசையில் வைத்தேன். "முத்திரை குத்தும் வரைக்கும் இந்தக் கதிரையில்தான் இருப்பன்."

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 'கிடைத்தது' என்று முத்திரை குத்தினார். கோவை திறந்ததா என்றால், அதற்கு வேறு அதிகாரி வரவேண்டுமாம். வேலி இன்னும் அங்கேதான்.

எழும்பும்போது கிளாக்கர் குரலைத் தணித்தார். "ஐயா, கோவிக்காதேங்கோ. அடுத்த மாதம் இலுப்பைக்கடவையில ஒரு கூட்டம். இந்த முறை தலைப்பு சிங்கப்பூர். பேச வருவீங்களோ?"

நான் வாயைத் திறக்க முன் சேவியர் சொன்னார்:

"ஐயா வரமாட்டார். நான் வாறன்."