வைரவன் பார்த்து வாங்கிய பாம்பு

வளைகுடாவுக்குப் பிழைக்க வந்தவன் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கற்றுக்கொள்வான். முதலாளி எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லக் கூடாது. வைரவன் அதை விமானம் ஏறும் முன்பே கற்றுக்கொண்டவன். மும்பையில் ஆள் எடுத்தவர் வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். மாலூம், தெரியும் என்றான், அது உண்மை. சமையல்? மாலூம். ஏசி ரிப்பேர்? மாலூம். இவை இரண்டையும் அவன் கற்றுக்கொண்டது அஜ்மானுக்கு வந்த பிறகு. அதிலும் பாதியை என் கடை வாசலில் நின்று, போகிற வருகிறவர்களிடம் கேட்டுத்தான் கற்றுக்கொண்டான்.

நான் காதர் மைதீன், கீழக்கரைக்காரன். அஜ்மானில் ஒரு சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறேன். வைரவன் சிவகங்கைப் பக்கம், பின் தெரு பங்களாவில் டிரைவர். ஃபோன் கார்டு வாங்க வருவான். கார்டைச் சுரண்டுவதற்குள் அந்த வாரத்துக் கதை முழுவதையும் சொல்லிவிடுவான். நான் கேலி செய்வேன். அவனுக்கு அதில் கோபமே வராது என்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

2006 டிசம்பரில் ஒரு நாள் முகம் வெளிறிப்போய் வந்து நின்றான்.

"பாய், பாம்பு நல்லா இருக்கா, சீக்கா இருக்கான்னு எப்படிப் பாக்குறது?"

"எந்தப் பாம்பு?"

"வாங்கப்போற பாம்பு."

விஷயம் இதுதான். அவனுடைய அர்பாப், அதாவது முதலாளி, துபாயில் நண்பர் வீட்டில் மலைப்பாம்பு ஒன்றைப் பார்த்திருக்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற சின்ன ரகம். தனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. ஆனால் போன வருடம் தானே பார்த்து வாங்கிய வல்லூறு பத்தே நாளில் செத்துப்போய், நண்பர்கள் கூடிப் பேசுகிற மஜ்லிஸில் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். அதனால் இந்த முறை வைரவனைக் கூப்பிட்டு, "நீ ஹிந்தி, இந்தியாக்காரன். உங்கள் ஊரில் பாம்போடுதானே வளர்கிறீர்கள்? பார்த்து வாங்கத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். இவன் வாய் சும்மா இருக்குமா? மாலூம் என்று சொல்லிவிட்டது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நல்ல பாம்பாக வாங்கி, அது ஒரு தடவை இரை தின்றுவிட்டால், மறுநாளே தன்னிடம் இருக்கிற பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து லீவில் அனுப்பிவிடுகிறேன் என்று அர்பாப் சொல்லிவிட்டார். வைரவன் மனைவி நாகவள்ளி ஏழு மாதம். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துத் தரித்த கர்ப்பம். இடையில் பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியில் ஜோசியர் நாகதோஷம் என்று சொல்ல, அரசமரத்தடியில் நாகர் சிலை வைத்துக் கும்பிட்டார்கள். அதன் பிறகு அவன் லீவில் போய் வந்தான், கர்ப்பம் தரித்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்புகிறவனிடம் போய் வாதாடுகிற ஆளும் நான் இல்லை.

பிரசவத்துக்கு அவன் ஊரில் இருந்தாக வேண்டும். அதற்கு ஒரு பாம்பு நன்றாக இருந்தாக வேண்டும். பாம்பு நன்றாக இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? எனக்கு மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கத் தெரியும், ஆட்டைப் பல்லைப் பார்த்து வாங்கத் தெரியும். அவன் ஊரில் பாம்பைக் கண்டால் அடிப்பார்கள், இல்லாவிட்டால் கும்பிடுவார்கள். உடம்புக்கு என்ன என்று எவனும் விசாரித்தது கிடையாது.

என் கடையில் நின்றே நாகவள்ளிக்கு ஃபோன் போட்டான். அவள் இரண்டே வார்த்தை சொன்னாளாம். குச்சியால் தொடக் கூடாது, விலை பேரம் பேசக் கூடாது. அது எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வழியை அவளும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நானும் அவனோடு ஷார்ஜாவுக்குப் போனேன். பறவைகளும் பிராணிகளும் விற்கிற சந்தை அது. கடைக்காரர் ஒரு பாகிஸ்தான்காரர். மூன்று கண்ணாடிப் பெட்டிகளில் மூன்று பாம்புகள்.

முதல் பெட்டியில் இருந்தது கழுத்தை உயர்த்தி, தலையை மேலே தூக்கி, ஆடாமல் அசையாமல் நின்றது. வைரவன் செருப்பைக் கழற்றிவிட்டான். கை தானாகக் கூப்பிக்கொண்டது. "நாகர் சிலை மாதிரியே நிக்குது பாய். இதுதான்" என்றான். கண் கலங்கியிருந்தது. கடைக்காரர் சந்தோஷமாகப் பெட்டியைத் திறந்தார். எனக்கும் அது ராஜா மாதிரிதான் தெரிந்தது.

பாம்பை எடுக்கக் குனிந்த வைரவன் அப்படியே நின்றுவிட்டான். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இப்படித்தான் நிற்பான்.

"சத்தம் வருது பாய். ஒவ்வொரு மூச்சுக்கும் இழுக்குது."

நானும் கேட்டேன். கொதிக்கப்போகிற கெட்டிலைப் போல மெல்லிய இரைச்சல். வாய் சரியாக மூடவில்லை. ஓரத்தில் கோழையாக ஒரு குமிழி.

"சளி கட்டியிருக்கு. மூச்சு முட்டித்தான் தலையைத் தூக்கி வச்சிருக்கு. நான் கையெடுத்துக் கும்பிட்டேனே பாய்."

அவன் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. சாமி என்று நினைத்தது நோயாளியாக இருந்தால் மனுஷன் என்ன செய்வான்? அதை விட்டு நகரவும் அவனுக்கு மனம் வரவில்லை. அதற்கு வைத்தியம் பார்க்கும்படி கடைக்காரரிடம் இரண்டு தடவை சொன்னான். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

இரண்டாவது பாம்பின் கண் சாம்பல் பூத்திருந்தது. குருடு என்றேன். "இல்ல பாய், சட்டை உரிக்கப்போவுது. அது பழுதில்ல" என்றான். அப்பாடா, ஒன்றாவது தெரிகிறதே என்று நினைத்தேன். ஆனால் தண்ணீர்க் கிண்ணத்தில் கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ மிதந்தது. உற்றுப் பார்த்தால் ஊர்ந்தது. மாட்டு உண்ணியைப் பிடுங்கி வளர்ந்தவனுக்கு அது என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. அதையும் விட்டான்.

மூன்றாவது, பந்து மாதிரி சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொண்டு கிடந்தது. சீக்குக் கோழி இப்படித்தான் ஒடுங்கும். இது வேண்டவே வேண்டாம் என்றேன். கடைக்காரர் அதை எடுத்து வைரவன் கையில் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பந்து அவிழ்ந்து மணிக்கட்டைச் சுற்றியது. தலை வெளியே வந்தது. கண் பளபளவென்று இருந்தது, நாக்கு நீட்டி நீட்டி மோப்பம் பிடித்தது. வைரவன் அதன் வாயருகே காதை வைத்தான், சத்தம் இல்லை. முதுகெலும்பை விரலால் வருடினான், முடிச்சு இல்லை. செதில்களை ஒதுக்கிப் பார்த்தான், உண்ணி இல்லை. வாலடியும் சுத்தம்.

"இறுக்கிப் புடிக்குது பாய். தெம்பு இருக்கு."

"சாப்பிடுமா, கேளு."

கேட்டான். நன்றாகச் சாப்பிடும், எது கொடுத்தாலும் சாப்பிடும், எப்போதும் சாப்பிடும் என்றார் கடைக்காரர். வைரவன் என் காதில், "நான் அர்பாப்கிட்ட பேசுற மாதிரியே பேசுறாரு பாய்" என்றான். இப்போது ஒரு எலி போட்டுக் காட்டச் சொன்னான். நேற்றுத்தான் தின்றது, ஒரு வாரம் ஆகும் என்றார். நேற்றைய எலிக்கு யாரிடம் போய்ச் சாட்சி கேட்பது? சொன்ன விலையைப் பேசாமல் எடுத்துக் கொடுத்தான். பேரமே பேசாத ஆளைப் பார்த்துக் கடைக்காரர் திகைத்து, மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணினார்.

பாம்பு பங்களாவுக்குப் போனது. ஒரு வாரம் கழித்து வெள்ளை எலி போட்டார்கள். பாம்பு அதைப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்த வாரமும் அப்படித்தான். அறைக்கு ஹீட்டர் வைத்தார்கள், பெட்டியைத் துணியால் மூடினார்கள். ம்ஹூம். எலி கொழுத்ததுதான் மிச்சம்.

வைரவன் தினமும் வந்து புலம்பினான். கண் தெளிவு, மூச்சு தெளிவு, தெம்பு அப்படியே இருக்கிறது, பிறகு ஏன் தின்னவில்லை? சீக்கு என்று சொல்வதா, சுகம் என்று சொல்வதா? சாப்பிட்டுவிட்டது என்று அர்பாபிடம் ஒரு பொய் சொல்லிவிடு என்று நானே சொன்னேன். தப்புதான். "அது மேல பொய் சொல்லிட்டு பிள்ளை முகத்தைப் பாக்க முடியுமா பாய்?" என்று கேட்டான்.

ஐந்தாவது வாரம் அர்பாப் கேட்டபோது அவன் தாங்க மாட்டாமல், "மாபி மாலூம், அர்பாப். எனக்குப் பாம்பைப் பற்றி ஒன்றுமே தெரியாது" என்று அழுதுவிட்டான். இங்கே வந்த ஆறு வருடத்தில் தெரியாது என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. அர்பாப் சிரித்தாராம். நிஜமாகவே தெரிந்தவன்தான் இப்படிச் சொல்வான் என்று தோளில் தட்டினாராம். இவனுக்கு அழுவதா சிரிப்பதா என்று விளங்கவில்லை.

மறுநாள் பாம்பை மிருக டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் எடை போட்டு, வாயைத் திறந்து பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, இவ்வளவு நல்ல பாம்பைத் தான் இந்த வருடம் பார்க்கவே இல்லை என்று சொன்னார். இந்த ரகம் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், எடை குறையாத வரை கவலையில்லை, பசித்தால் தானே தின்னும் என்றார். எப்போது பசிக்கும் என்று வைரவன் கேட்டான். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அர்பாபுக்குப் பெருமை தாங்கவில்லை. மஜ்லிஸில் எல்லோரிடமும் வைரவனைக் காட்டினார். இனி இவன்தான் என் பாம்புக்குக் கண் என்றார். இவன் மெதுவாக லீவைப் பற்றிப் பேச்செடுத்தான். "போகலாம், போகலாம். இவ்வளவு நன்றாகப் பார்க்கத் தெரிந்தவனை விட்டால் இதை யார் பார்ப்பார்கள்? அது சாப்பிடட்டும். சொன்ன சொல் சொன்னதுதான்" என்றார். கெட்ட மனுஷன் இல்லை அவர். அதனால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை. சீக்குப் பாம்பை வாங்கியிருந்தால் அது செத்திருக்கும், அவர் திட்டியிருப்பார், இவன் எப்படியாவது ஊர் போயிருப்பான். நல்ல பாம்பாகப் பார்த்து வாங்கியதால் மாட்டிக்கொண்டான். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பிப்ரவரி மூன்றாம் வாரம் என் கடைக்கு வந்து ஃபோன் போட்டான். முந்தின நாள் பெண் குழந்தை பிறந்திருந்தது, இரண்டே முக்கால் கிலோ. குழந்தை அழுகிற சத்தம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. வைரவன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

"எப்பங்க வருவீங்க?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

"அது இன்னும் சாப்பிடல வள்ளி. இன்னிக்கு வேற எலி மாத்திப் போடப்போறேன். வாயில வச்சு ஊட்டலாம்னும் சொல்றாங்க."

அவள் குழந்தையைத் தட்டி அமர்த்துவது கேட்டது.

"வேணாங்க. அதைக் கட்டாயப்படுத்தாதீங்க. அதுக்கே பசிச்சு சாப்பிடட்டும்" என்றாள் நாகவள்ளி. "நாங்க இருக்கோம்."