நாற்பத்திரண்டாவது கை

பட்டறையில் அவருக்குப் பெயரே குகைதான். ஐம்பத்தெட்டு வயது ஆளை, "குகை இன்னும் வரலையா?", "குகை டீ குடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் பொருட்காட்சிக்குமாக முப்பத்து மூன்று வருடத்தில் நூறு குகைக்கு மேல் கட்டியிருப்பார். மரச்சட்டம், கோழிவலை, அதன்மேல் பிளாஸ்டரில் தோய்த்த சாக்கு. நிஜக் குகை ஒன்றுக்குள் அவர் தலையைக்கூட நீட்டியதில்லை.

ஆனால் குகையைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்தால் மீள முடியாது. "திருடன் குகைக்கு வாசல் குறுகலா இருக்கணும், உள்ள போனா மைதானம் மாதிரி விரியணும். வெளிய ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கிறவன்தானே திருடன்? முனிவர் குகைன்னா மேல ஒரு ஓட்டை கட்டாயம். வெளிச்சம் இறங்கலேன்னா அவருக்கு ஞானம் வராது. காதலிக்கிறவங்களுக்குன்னா ரெண்டு பேர் இடிச்சுக்கிட்டு நிக்கிற அளவுதான். தாராளமா இடம் விட்டா கதை கெட்டுப்போகும்." ஒருமுறை ஓர் இளம் இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு, "மாஸ்டர், மனுஷ மனசோட இருட்டு மாதிரி ஒரு குகை வேணும்" என்றார். இவர் அளவு நாடாவை உருவியபடி, "அது எத்தனை அடி நீளம் தம்பி?" என்று கேட்டார். பட்டறை அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தது.

அந்தத் தொழிலில் கறாரான விதி ஒன்று உண்டு. பூச்சு காய்வதற்குள் ஈர ஸ்பாஞ்சோடு உள்ளே போய், எங்கெல்லாம் விரல் பதிந்திருக்கிறதோ அங்கெல்லாம் துடைத்துக்கொண்டே பின்னால் நடந்து வெளியே வர வேண்டும். கை துடைப்பு என்பார்கள். பாறையில் மனிதன் கை தெரிந்தால் பாறை செத்தது. துடைத்துத் துடைத்துத்தான் மகளைப் படிக்கவைத்தார். அவர் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். வரலாறு படித்து, தேர்வு எழுதி, யாருடைய சிபாரிசும் இல்லாமல் அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாகச் சேர்ந்தாள். அவளுடைய பட்டச் சான்றிதழ் முன்னறையில் கடிகாரத்தை ஒட்டித் தொங்கியது. மணி பார்க்கிற சாக்கில் ஒரு நாளைக்குப் பத்து முறை அதைத்தான் பார்ப்பார்.

அதே அருங்காட்சியகம் ஒருநாள் அவரைக் கூப்பிட்டது. தொலைவில் மலைக்குள் ஒரு பழைய குகை. ஆதி மனிதர்கள் சுவரில் கையை வைத்து, சுற்றிலும் செங்காவியை ஊதிவிட்டுப் போயிருக்கிறார்கள். மொத்தம் நாற்பத்தொரு கை. பார்க்க வருகிறவர்களின் மூச்சுக்காற்று பட்டே அவை அழிகின்றன என்று குகையை மூடிவிட்டார்கள். பதிலுக்கு ஊருக்குள் அச்சு அசலாக ஒன்று வேண்டுமாம். ஏழு மாதம் கட்டினார். கைகளைத் தகட்டில் வெட்டி, சுவரில் ஒட்டவைத்து, மெஷினால் சாயம் அடித்தார்கள்.

வேலை முடிகிற வாரத்தில் அவருக்கு ஓர் அரிப்பு. மெஷின் இல்லாமல் அந்த ஆள் எப்படித்தான் ஊதியிருப்பான்? மற்றவர்கள் டீக்குப் போன நேரம், காவிப்பொடியைத் தண்ணீரில் குழைத்து வாயில் அடக்கிக்கொண்டார். நாக்கெல்லாம் மண். குனிந்தால் மட்டும் தெரிகிற ஓர் ஓரத்தில் இடது கையை அழுத்தி ஊதினார். கையை எடுத்தால், எப்போதோ சட்டம் விழுந்து ஒடிந்து கோணலாக ஒட்டிய சுண்டுவிரலோடு அவர் கை அப்படியே நின்றது. கை துடைப்பு அன்று அந்த இடத்துக்கு வந்ததும் ஸ்பாஞ்ச் நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் துடைக்காமல் தாண்டினார்.

"செஞ்சவங்க பேரெல்லாம் வாசல் பலகையில வரும் மாஸ்டர்" என்று அருங்காட்சியக மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். திறப்பு விழாவுக்குப் புதுச் சட்டை போட்டு மனைவியை அழைத்துப்போனார். பலகையில் அமைச்சர் இருந்தார், இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள், விளக்குப் போட்ட கம்பெனி இருந்தது. மனைவி மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாள்.

"ஏசி மாட்டினவன் பேர்கூட இருக்கு. உங்க பேர் எங்க?"

"உள்ள இருக்கு."

"உள்ள எங்க?"

"இருக்கு, விடேன்."

அந்த ஓர் ஓரத்தை நினைத்தே மூன்று மாதம் ஓட்டினார். பட்டறையில் யாராவது பலகையைப் பற்றிக் குத்தினால், சிரித்துக்கொண்டே சாக்கை நனைக்கப் போய்விடுவார்.

பிறகு கடிதம் வந்தது. மாதிரிக் குகையில் நாற்பத்திரண்டு கைகள் உள்ளன, அசலில் நாற்பத்தொன்று, உபரியானதை நீக்கித் தரவும். பிழையைக் கண்டறிந்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. வால் சுழித்த அந்தக் கையெழுத்தை மகள் போட்டுப் பழகியதே அவருடைய அளவு நோட்டின் பின்பக்கத்தில்தான். தேதியைப் பார்த்தார். அதற்குப் பிறகு நாலு நாள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விடுமுறை நாளாகப் பார்த்து வரச் சொன்னார்கள். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் பதிவேடுமாக மகள் நின்றிருந்தாள். மேலாளர் பூட்டைத் திறந்தார்.

"நல்லவேளை, உங்க பொண்ணு கண்ணுல பட்டுச்சு. பேராசிரியர் பார்த்திருந்தா என் சீட்டு கிழிஞ்சிருக்கும். எந்த வேலையத்தவன் பண்ணினானோ!"

"ஆமா சார், வேலையத்தவன்தான்" என்றார் இவர்.

மேலாளர் போனதும் குனிந்து உட்கார்ந்தார். மகளைப் பார்க்காமலே கேட்டார்: "எண்ணினப்ப யார் கைன்னு தெரியலையாம்மா?"

"அந்தச் சுண்டுவிரலைப் பிடிச்சுக்கிட்டுத்தானேப்பா பள்ளிக்கூடம் போனேன். பார்த்ததும் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் எழுதிக் குடுத்தியா?"

"கணக்கு நாப்பத்தொண்ணுதான்பா. கையேடு எழுதற பொறுப்பு என்னோடது. நாளைக்கு வேற ஒருத்தர் எண்ணிப் பார்த்தா, அப்பன் கைன்னு விட்டுட்டாம்பாங்க. நான் யார் பேரையும் சொல்லி இந்த வேலைக்கு வரலை."

அது சத்தியம். அதை ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டவரே அவர்தான்.

"வீட்லயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா உங்க முகத்தைப் பார்த்திருப்பேன். அப்புறம் எழுதியிருக்க மாட்டேன்." பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "மலைக்குள்ள கை வெச்சவனுக்கும்தான் பேர் இல்லப்பா."

"இல்லதான். ஆனா அவனையே கூப்பிட்டு அழிக்கச் சொல்லலையே."

சாயம் பூச்சுக்குள் இறங்கியிருந்தது. ஸ்பாஞ்ச் உதவாது. உளியை எடுத்தார். சுண்டுவிரல் முதலில் உதிர்ந்தது, பிறகு உள்ளங்கை. குழியைப் புதுப் பூச்சால் நிரப்பி, தூரிகையால் சொரசொரப்பு இழுத்து, கரியும் டீத்தண்ணீருமாகப் பாறை நிறத்துக்குக் கொண்டுவந்தார். அரைகுறையாக வேலை செய்ய அவருக்குக் கை வராது. மகள் டார்ச் அடித்து மூலை மூலையாகத் தேடினாள்.

"எங்க இருந்துச்சுப்பா?"

நிஜமாகவே கேட்டாள். அவருக்கே சட்டென்று காட்டத் தெரியவில்லை.

பதிவேட்டில், பிழை நீக்கப்பட்டது என்று எழுதினாள். பக்கத்தில் பணி செய்தவர் பெயர் என்று ஒரு கட்டம். அதில் அழகான எழுத்தில், தலைப்பெழுத்தோடு, அவருடைய முழுப் பெயரையும் எழுதினாள்.

வீட்டில் மனைவி, "எதுக்காம் கூப்பிட்டாங்க?" என்றாள்.

"பேர் எழுதறதுக்கு."

"எழுதிட்டாங்களா?"

"எழுதியாச்சு. உன் பொண்ணுதான் எழுதினா."

"பார்த்தீங்களா! படிச்ச புள்ள ஒண்ணு உள்ள இருந்தா நம்ம காரியம் நடக்குதுல்ல?" அவள் முகமெல்லாம் பூரிப்பு. "மணி என்னாச்சுன்னு பாருங்க, அவ வர்ற நேரமாச்சு."

"நீயே பாரு" என்று சொல்லிவிட்டு, கடிகாரத்துப் பக்கம் தலை நிமிராமல் கை கழுவப் போனார்.