கண்டலம வீதியில் விழுந்த முதல் புள்ளி

காலை 5.15. ரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகும் முதல் பஸ். மடியில் அம்மா சுட்ட ரொட்டியும் சம்பலும். தம்புள்ளையில் என் தம்பி சசிக்குக் காலிறுதி ஆட்டம், ஆண்கள் இரட்டையர் பிரிவில்.

உலகத் தரவரிசையில் ஏற விரும்பும் டெனிஸ்காரர்கள் முதலில் கால் வைக்கும் படி இந்தப் போட்டி. சசி மூன்று வருடமாக இப்படிப்பட்ட எட்டுப் போட்டிகளில் ஆடியும் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. கட்டாரில் ஹோட்டல் வேலைக்கு மாத்தளை ஏஜென்சி ஒன்றில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டான். "இதுல ஒரு புள்ளி கெடச்சா போகமாட்டேன்க்கா" என்று மட்டும் சொல்லியிருந்தான். முதல் சுற்றில் எதிரணி வரவில்லை. ஆடாமல் முன்னேறினால் புள்ளி இல்லை. ஆகவே இன்று வென்றே ஆகவேண்டும்.

6.20. மாத்தளையில் தம்புள்ளை பஸ். நாற்பத்தாறு கிலோமீட்டர், நூற்றுத் தொண்ணூறு ரூபாய். நாவுலயில் பீன்ஸ் மூட்டைகளோடு ஆட்கள் ஏற, கொண்டக்டர் வழி நெடுக ஒரே பாட்டு: "இஸ்ஸரஹட்ட யன்ன! இஸ்ஸரஹட்ட!" முன்னால் போகச் சொல்கிறார். முன்னால் கால் வைக்க இடமில்லை.

8.30. தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்கு எதிரே ஆட்டோ பிடித்தேன், நானூறு ரூபாய். டெனிஸ் என்று இரண்டு தடவை சொல்லியும் டிரைவர் கிரிக்கெட் மைதானத்துக்கே திருப்பினார். "டெனிஸா மிஸ்? தம்புள்ளையிலயா? யாரு பாக்கிறாங்க?" என்றார் தமிழில்.

"நான் பாக்குறேன்" என்றேன்.

கண்டலம வீதியில் இருந்த மைதானத்தில் மூன்று கோர்ட்டுகள். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் சட்டையைத் தாங்களே துவைத்து வேலியில் காயப்போட்டிருந்தார்கள். வாசலில் காவலாளி என்னை மறித்தார். உள்ளிருந்து ஓடிவந்த சசி, "இவங்க எங்க கோச்" என்றான்.

நான் ராக்கெட்டைப் பிடித்ததே இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, பல்கலைக்கழகமும் போன முதல் ஆள் நான். சசியின் ஆங்கில விண்ணப்பங்களை நிரப்பியதும் விதிப்புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்ததும் நானே. ஆட்டத்துக்கு நடுவே கோச் சுருக்கமாகப் பேசலாம் என்ற புது விதியும் எனக்குத் தெரியும். கோச்சின் நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்தேன்.

பக்கத்தில் சசியின் ஜோடி ரிஸ்வானின் வாப்பா. சந்தையில் வெங்காய வியாபாரி, மாத்தளை டவுன்காரர்.

11.00. எதிரணியில் ஒருவர் பிரான்ஸ்காரர், இன்னொருவர் நெடிய இந்தியர். இருவரும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசினார்கள். மற்ற ஜோடிகள் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டித் திட்டம் சொல்வார்கள். நம் ஜோடிக்கு அந்தப் பழக்கம் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து கிளப் கோர்ட்டில், மலைக்காற்றில், கத்திக் கத்தியே ஆடி வளர்ந்தவர்கள்.

"டேய், நடுவுல போடு! நான் குறுக்க பாயுறேன்!"

"சரி மச்சான்!"

ரிஸ்வான் குறுக்கே பாய்ந்த ஒவ்வொரு தடவையும், அவன் விட்டுப்போன இடத்தில் பந்தை வைத்தார் அந்த நெட்டையர். முதல் செட் 4-6. சசியின் முகம் வெளுத்துவிட்டது.

நெட்டையர் முகம் துடைக்கத் துவாய் எடுக்க எங்கள் பக்கம் வந்தார். ரிஸ்வானின் வாப்பா என் காதருகே முணுமுணுத்தார்: "இவர எங்கட கடைக்குப் போட்டா ஏணியே தேவயில்ல மகள். மேல் ராக்கையில ஈக்கிற மூட்டய நின்ட எடத்துலயே எடுப்பாரு."

துவாய்க்குள் ஒரு சிரிப்புச் சத்தம். தோள் குலுங்கியது.

நான் ரிஸ்வானின் வாப்பா பக்கம் திரும்பினேன். "அங்கிள், அவரு தமிழ் ஆளு!"

யாழ்ப்பாணப் பேச்சாக இருந்தாலாவது கொஞ்சம் திணறியிருப்பார். எங்கள் மலையகத் தமிழ் அவருக்கு வீட்டுப் பேச்சு. ஒரு முழு செட்டையும் அறிவித்துவிட்டு ஆடியிருக்கிறார்கள் எங்கள் பையன்கள்!

சசி அருகில் வந்ததும் சொன்னேன்: "சிங்களென் கதா கரன்ன." சிங்களத்தில் பேசு. அவன் நெட்டையரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

ரிஸ்வான் டவுன் பையன், சிங்களம் சரளம். சசி சிங்களம் கற்றது பஸ்ஸில். அதனால் இரண்டாவது செட் முழுக்கக் கொண்டக்டர் பாஷை. "மெதட்ட!" என்றால் நடுவில். "இஸ்ஸரஹட்ட யன்ன!" என்றால் வலைக்கு ஓடு. பார்க்க வந்த சிங்களப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி "டிக்கட்!" என்று கத்தினாள். நெட்டையர் சிரிக்கவில்லை. 6-4.

மூன்றாவது செட்டுக்குப் பதில், முதலில் பத்துப் புள்ளி எடுக்கும் ஜோடிக்கு வெற்றி. 9-8 என்று நாங்கள் முன்னால் இருக்கும்போது சர்வீஸ் சசியிடம். அடித்தான். பந்து திரும்பி வந்தது. "இஸ்ஸரஹட்ட!" என்று ரிஸ்வான் தொண்டை கிழியக் கத்தினான். சசி ஓடினான், ராக்கெட்டின் நுனியால் ஓரமாகத் தட்டிவிட்டான். பந்து பக்கக் கோட்டின் மேல் விழுந்து வெளியே போனது. நடுவர் கையைத் தாழ்த்தினார். உள்ளே!

ரிஸ்வானின் வாப்பா என் ரொட்டிப் பையையே தூக்கி ஆட்டினார். "அல்ஹம்துலில்லாஹ்! மகள், கெலிச்சிட்டோம்!"

வலையருகே கை கொடுத்தபோது நெட்டையர் தமிழில் கேட்டார்: "ஃபர்ஸ்ட் செட்ல எல்லாத்தையும் சொல்லிட்டு ஆடினீங்களே ப்ரோ, அப்புறம் என்ன ஆச்சு?"

"எங்க கோச் விடலண்ணே" என்றான் சசி.

மாலை 3.30. அரையிறுதி நாளைக்கு. நான் மாத்தளை பஸ்ஸில் ஏறினேன். நாவுல தாண்டும்போது அப்பாவிடமிருந்து போன் வந்தது. தோட்டத்து கிளப் கோர்ட்டில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவது அவர் வேலை.

"கடைசிப் பந்து எங்க விழுந்துச்சு?"

"கோட்டு மேலப்பா. அங்க பெயின்ட் கோடு. நம்ம கோர்ட்டா இருந்தா சுண்ணாம்பு பறந்திருக்கும்."

"கோடு நேரா இருந்துச்சா?" என்றார்.

"நேராத்தான் இருந்துச்சு. ஒங்க கோடு இன்னும் நேரா இருக்கும்."

5.10. மாத்தளையில் இறங்கி, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டு சசி கையெழுத்திட்ட கடிதத்தோடு நேரே ஏஜென்சிக்குப் போனேன். "கட்டாருக்கு வேணாமா? பின்ன எதுக்கு மிஸ் பாஸ்போர்ட்?" என்று கேட்டார் மேசையிலிருந்தவர்.

"அடுத்த மாசம் இந்தியாவுல ஆடணும்" என்றேன்.

ரத்தோட்டை பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் போட்டியின் விண்ணப்பத்தைப் போனில் திறந்தேன். கோச் என்ற கட்டத்தை இத்தனை வருடமும் வெறுமையாக விட்டிருக்கிறேன். பஸ் புறப்படுவதற்குள் என் முழுப் பெயரையும் அதில் எழுதிவிட்டேன்.