மரியதாசுக்கு நான் சுகம் கேட்ட ஞாயிறு

நனைந்த குடைகளின் வாசம்... மெழுகுதிரிப் புகை... முன்வரிசையில் யாரோ தலைக்குத் தாராளமாக வைத்த தேங்காய் எண்ணெய். கண்டியில் ஞாயிறு காலை ஆறரைத் தமிழ்ப் பூசை என்றால் எனக்கு இன்றும் இந்த மூன்றும்தான்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு வாசிப்பது என் பொறுப்பு. கொன்வென்ட்டில் படித்தவள், பள்ளி ஆசிரியை. என் உச்சரிப்பில் பிழை பிடிக்க ஒருவரும் இல்லை என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பியைத் திறந்து, போன வாரத்து மன்றாட்டுகளை முத்தான எழுத்தில் புதிய பக்கத்துக்கு இறக்குவேன். திருச்சபைக்கு, நாட்டுக்கு, மழைக்கு, பிள்ளைகளுக்கு, கடைசியில் நோயாளிகளுக்கு. கை தானாக எழுதும். மறுநாள் வாய் தானாக வாசிக்கும். மனம் மட்டும் மத்தியானக் கறிக்கு இறைச்சி கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

அந்த ஞாயிறும் வாசித்தேன். "நோயுற்றிருக்கும் சகோதரர் மரியதாஸ் விரைவில் பூரண சுகம் பெற..."

கோயில் முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

மரியதாசை அதற்கு முந்திய வியாழக்கிழமைதான் அடக்கம் செய்திருந்தோம். அடக்கப் பூசையில் முதல் வாசகம் வாசித்ததும் நான்தான்.

ஒரு தலைகூடத் திரும்பவில்லை. பூசை வைத்த சுவாமியும் நிமிரவில்லை. நானும் கொப்பியை மூடிவிட்டு, திருப்தியோடு போய் உட்கார்ந்தேன்.

பூசை முடிந்து படியிறங்கும்போது மரியதாசின் மனைவி பிலோமினா வந்து நின்றார். வெள்ளைச் சேலை. பேராதனை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் புருஷனுக்குக் காவல் இருந்தவர்.

"டீச்சர், நல்லா வாசிச்சீங்க. ஒரு எழுத்து பிசகல. ஆனா அவருக்கு இனி சொகம் எதுக்கு டீச்சர்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்து மனிதர். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நீர் வாசிச்சீர். செபிக்கேல்லை. நாங்களும் கேக்கேல்லை, எங்கடை பாட்டுக்குப் பதில் சொன்னனாங்கள். கோயிலிலை ஆண்டவர் ஒராள்தான் முழிச்சிருந்திருக்கிறார்."

கோபம் வந்தது. அதில் பாதி என் மேல்தான். கொப்பியைச் சுவாமியிடம் ஒப்படைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் பாதியில் விட்டுவிட்டு ஓடுவது என் பழக்கமில்லை.

அடுத்த சனிக்கிழமை கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ் ஏறி, பிலோமினாவின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு கொப்பியைத் திறந்து, "நாளைக்கு உங்களுக்காக என்ன கேக்கட்டும்?" என்றேன்.

"அவர சாமி பாத்துக்குவாரு டீச்சர். எனக்குத்தான் தனியா ஒக்காந்து சோறு எறங்கல. அதக் கேளுங்க."

மறுநாள் வாசித்தேன். "தனியாகச் சாப்பிட உட்காரும் எல்லோருக்காகவும்..."

பதில் வரவில்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி... பிறகுதான் வந்தது, ஒவ்வொரு வாங்கு வரிசையிலிருந்தும் ஒவ்வொன்றாக. சிலருடைய குரல் உடைந்திருந்தது. அத்தனை வருடத்தில் அன்றுதான் அந்தக் கோயில் கேட்டுவிட்டுப் பதில் சொன்னது. நானும் அன்றுதான் செபித்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் பழைய பக்கத்தைப் பார்த்து எழுதியதே இல்லை. ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டுத்தான் எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணலாயிற்று. பரவாயில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, என் கணவர் இறந்து அடக்கம் முடிந்த முதல் சனிக்கிழமை, பிலோமினா முழங்கால் வலியோடு எங்கள் வீட்டுப் படி ஏறி வந்தார். கதிரையில் உட்காரும் முன்பே கேட்டார்: "என்ன வேண்டணும் டீச்சர்?"

"உங்களுக்குத் தெரியும்தானே" என்றேன். இரண்டு பேரும் அன்று ஒன்றாகச் சாப்பிட்டோம்.

இப்போது மன்றாட்டுகள் சனிக்கிழமையே வட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. பூசையில் கோயில் திரையில் பெரிய எழுத்தில் தெரிகின்றன. வாசிக்கிற பிள்ளைகள் கெட்டிக்காரிகள், குறை சொல்ல மாட்டேன். ழகரத்தைத் தவிர. பதிலும் நேரம் தவறாமல் வருகிறது...

நான் மட்டும் யாருக்காகக் கேட்கிறார்கள் என்று கேட்டு, அந்த ஆளை நினைத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரு விநாடி பிந்தித்தான் பதில் சொல்கிறேன். பக்கத்து வாங்குப் பிள்ளை போன ஞாயிறு என் காதோடு குனிந்து, "ஆன்ட்டி, சரியா கேக்கலையா?" என்றது.

நன்றாகவே கேட்கிறது, மகள்.