பதினோராவது மோட்டார்

திருப்பதியில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் நடத்தினேன். எல்லாருக்கும் பொதுவான ஒன்றை ஆளாளுக்குத் தன் பக்கம் இழுத்தால் அது எப்படி ஒருவருக்குமே இல்லாமல் போகும் என்பது நான் விரும்பி நடத்திய பாடம். ஓய்வு பெற்றதும் ராமகுப்பம் பக்கத்திலுள்ள எங்கள் நிலத்துக்கு வந்தேன். அங்கே நான் செய்ததை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் பதினோரு போர்வெல் மோட்டாருக்கு ஒரே டிரான்ஸ்ஃபார்மர். விவசாயக் கரண்ட் பகலில்தான் வரும், அதுவும் நடுவில் போய்ப் போய் வரும். ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் மோட்டார் போட யாரால் முடியும்? அதனால் எல்லாரும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் 'ஆட்டோ' மாட்டியிருந்தார்கள். கரண்ட் வந்ததும் ஆளில்லாமலே மோட்டாரை ஓடவைக்கும் சின்னக் கருவி அது. பதினோரு மோட்டாரும் ஒரே நொடியில் இழுக்கும், டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். ஒரே கோடையில் இரண்டு தடவை எரிந்தது. வேறொன்று வந்து சேர ஒவ்வொரு தடவையும் வாரக்கணக்கானது.

கூட்டம் போட்டது நான்தான். ஆட்டோவை எல்லாரும் கழற்றிவிட வேண்டும், கரண்ட் வந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு மோட்டாராக வரிசையில் போட வேண்டும் என்றேன். வரிசையையும் நானே எழுதினேன். பதினோராவது இடத்தைப் பட்டுப்புழு வளர்ப்பவனுக்குக் கொடுத்தேன். அவன் அப்பா எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அரசாங்கம் கொடுத்த பட்டா நிலத்தில் அவன் புழுவுக்குத் தீனியாக மல்பெரி போட்டிருந்தான். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து உள்ள தூரத்தை வைத்து எழுதினேன் என்று சொல்லிக்கொண்டேன். அவன் நிலத்தைத் தாண்டி இன்னும் இரண்டு நிலங்கள் இருந்தன.

"சாரே, நடுவுல நாலு தபா கரண்டு போவுது. ஒவ்வொரு தபாவும் ஒண்ணுலருந்து எண்ணிக்கினு வந்தா என் மோட்டாரு எப்போ ஓடும்?" என்று கேட்டான்.

அவன் கேட்டது முழுக்க நியாயம். விட்ட இடத்திலிருந்து எண்ணலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். "கொஞ்சம் பொறுத்துக்கோ நைனா, எல்லாருக்கும் நல்லதுதானே" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஒரு மாதம் ஒழுங்காக நடந்தது. எனக்கு முழங்கால் வலி. தக்காளி காய்த்திருந்தது. கரண்ட் வரும்போதெல்லாம் வரப்பில் நடக்க அலுப்பாக இருந்தது. ஒரு நாள் காலை, ஆட்டோவைத் திரும்ப மாட்டினேன். பத்துப் பேர் கட்டுப்பாடாக இருக்கும்போது ஒரு மோட்டாரால் என்ன ஆகிவிடும்? இப்படி நினைப்பவன்தான் எல்லாவற்றையும் கெடுப்பான் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

டிரான்ஸ்ஃபார்மர் மூன்றாம் தடவையும் எரிந்தது. லைன்மேன் வந்து பார்த்தார். "நாலஞ்சு மோட்டாரு ஒண்ணா எடுத்திருக்குது. யாரோ ஆட்டோ வெச்சிருக்காங்க" என்றார்.

எல்லார் கண்ணும் ஒரே ஆள் மேல் போனது.

"அன்னைக்கே மொற புடிக்கலன்னு சொன்னவன்தானே இவன்!"

"வாங்க, என் பெட்டியத் தொறந்து பாருங்க" என்றான் அவன். போய்த் திறந்தார்கள். உள்ளே ஆட்டோ இல்லை.

"கயட்டி வெச்சிட்டு வந்து நிக்கிறான் பாரு, கில்லாடி!"

"அப்போ எல்லார் பெட்டியும் தொறங்க. சாரு பெட்டியிலருந்து ஆரம்பிங்க."

"சாரு பெட்டியவா? உனக்கு இம்மாம் திமிரா?" என்று நாலு பேர் அவன் மேல் பாய்ந்தார்கள்.

என் பெட்டி கூப்பிடு தூரத்தில் இருந்தது. உள்ளே ஆட்டோ இருந்தது. "சண்டை வேண்டாம், விடுங்கள்" என்றேன். பெரிய மனுஷன் பேச்சு என்று தலையாட்டினார்கள்.

புது டிரான்ஸ்ஃபார்மர் வந்ததும் பத்து நாள் அவன் ஃபியூஸைப் பிடுங்கி வைப்பது என்று முடிவு செய்தார்கள். என்னைப் பார்த்தார்கள். நானும் சரி என்றேன். கூட்டமாக வாழும் உயிர்களில் ஏமாற்றுகிறவனுக்குத் தண்டனை கிடைத்தால்தான் ஒத்துழைப்பு நிலைக்கும் என்று கல்லூரியில் விலங்கியல் நண்பர் சொல்வார். நானும் அதை வகுப்பில் ஆமோதித்துச் சொல்லியிருக்கிறேன். தண்டனை ஏமாற்றினவனைத் தேடிப் போவதில்லை, திருப்பி அடிக்க முடியாதவனிடம் போகிறது என்பதை இரண்டு பேருமே யோசித்ததில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் வரும்வரை அவன் வெளியூரில் இலை வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டு வந்து புழுக்களைக் காப்பாற்றினான். அந்தப் பத்து நாளில்தான் அவை நாலாவது தோலுரித்து அதிகமாகத் தின்னும் கட்டத்துக்கு வந்தன. வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, அவன் தோட்டத்து இலை காய்ந்து சுருண்டிருந்தது. அவனும் அவன் மனைவியும் தட்டுத் தட்டாகப் புழுக்களைக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவினார்கள். பாதி இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. அதை என் மோட்டார் அருகே நின்று பார்த்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

இரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"இத எனக்கு எதுக்கு சொல்றே சாரே? நான் செய்யலன்னு எனக்குத் தெரியாதா? அவங்க கிட்டப் போய்ச் சொல்லு."

டிரான்ஸ்ஃபார்மர் அடியில் அவனையும் சேர்த்து எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. "விடுங்க சார், பழசு" என்றார் ஒருவர். "சாரு மனசு யாருக்கு வரும்!" என்றார் இன்னொருவர். அன்று அவன்மேல் பாய்ந்தவர்களில் இரண்டு பேர் என்னைத் தனியே இழுத்து, "நாங்களும் மாட்டியிருந்தோம் சார், நீங்க ஏன் வாயைக் குடுத்தீங்க?" என்றார்கள். அறையலாம் போல இருந்தது. எந்தக் கையால் அறைவது?

அவன் சத்தமாகக் கேட்டான்: "எனக்கு பத்து நாளுன்னீங்களே. சாருக்கு எத்தினி நாளு?"

"வயசானவருப்பா" என்றது ஒரு குரல்.

"என் ஃபியூஸைப் பிடுங்குங்கள்" என்றேன். யாரும் அசையவில்லை. அவன் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் என்னைக் கூப்ட்டீங்களா?" என்று கேட்டுத் தன் நிலத்துக்கு நடந்தான்.

ஃபியூஸை நானே பிடுங்கிப் பத்து நாள் வீட்டில் வைத்தேன். தக்காளி அறுத்து முடிந்து என் நிலம் சும்மா கிடந்த சமயம் அது. தண்ணீரே தேவைப்படவில்லை. பிடுங்குங்கள் என்று சொன்னபோதே அது எனக்குத் தெரியும்.