அண்ணனுக்கு வந்த சாமி

துளசிமணி மாலை அண்ணன் கழுத்தில் விழுந்தபோது கோயில் வாசலில் தேம்பி அழுதவள் நான்தான். அத்தனை சந்தோஷம். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் குடிகாரனைத் திருத்த எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் நாற்பத்தெட்டு நாள் தொடமாட்டான், அதற்குள் பழக்கம் விட்டுப்போகும் என்பது கணக்கு. காலையில் வேலைக்குப் பெங்களூரு ரயில் பிடிக்கக் கிளம்புமுன்பே ஒரு பாக்கெட் சரக்கு உள்ளே போனால்தான் அண்ணனுக்குக் கை நடுக்கம் நிற்கும். பத்து வருஷமாக அப்படித்தான். அதை நான் திமிர் என்று நினைத்தேன். முகத்துக்கு நேராகவே சொல்லியுமிருக்கிறேன்.

அண்ணி மட்டும் தயங்கினாள். "ஆஸ்பத்திரில காட்டிட்டு நிறுத்தலாமே" என்றாள். "மாலை போட்ட சாமிய குடிகாரங்க வார்டுலயா படுக்க வெப்பாங்க? இன்னா பேசுறீங்க அண்ணி?" என்று அவள் வாயை அடைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது, உடம்பு தூக்கிப்போட்டது. என்றைக்கோ செத்துப்போன அப்பாவோடு சுவரைப் பார்த்துப் பேசினான். "கேஜ் எறங்குதுப்பா, கேட்ட போடு" என்று கத்தினான். சுரங்கம் மூடியபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன் அவன். அப்பா கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கிப்போன சுரங்க ஷாஃப்டில் அவன் ஒருநாளும் இறங்கியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கை கூப்பினார். "ஐயன் வந்துக்கிறாரு" என்றார். அவ்வளவுதான், லைனே கூடிவிட்டது. கற்பூரம் கொளுத்தி ஒவ்வொருவராகக் குறி கேட்டார்கள். நானும் கேட்டேன். கூடப்பிறந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கும்போது, என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைக்குமா சாமி என்று கேட்டேன். அவன் வலிப்பு வந்து விழுந்தான். அப்போதும் சாமி மலையேறுகிறது என்றுதான் நெற்றியில் விபூதி பூசினோம்.

அண்ணிதான் ஆட்டோ பிடித்து வந்து அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். "பல வருஷமா தினம் குடிச்ச ஒடம்பும்மா. திடீர்னு நிறுத்தினா சில பேருக்கு இப்படி ஆவும். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும். மாத்திரை குடுத்து, பக்கத்துலயே இருந்து பாத்து நிறுத்தணும். இது வியாதிம்மா" என்றார் டாக்டரம்மா. மறுநாள் காலையில் அண்ணன் போய்விட்டான். ஐயனே வந்து கூட்டிக்கொண்டார் என்று லைனில் இன்றைக்கும் பேச்சு. அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. டாக்டரம்மா சொன்னதை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவேயில்லை.

போன வருஷம் எதிர்வீட்டுப் பெண் வந்து, "எங்க வீட்டுக்காரருக்கும் மாலை போட்டுடலாமாக்கா?" என்றாள். நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லி, இருவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சேர்த்துக்கொண்டார்கள். நிறுத்தினான். நாலே மாதத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டான். இந்த வியாதி அப்படித்தான் திரும்பும், சலிக்காமல் கூட்டி வாருங்கள் என்கிறார் டாக்டரம்மா. "இதுக்கா ஆஸ்பத்திரி? மாலையே போட்டிருக்கலாம்" என்று லைன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

நேற்று அந்த எதிர்வீட்டுக்காரன் பஜார் முனையில் தள்ளாடிக்கொண்டு, என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே போனான். எல்லோரும் முகம் சுளித்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அன்றைக்கு அண்ணி பேச்சைக் கேட்டிருந்தால் என் அண்ணனும் இப்படித் தெருவில் விழுந்து எழுந்து, என்னைத் திட்டிக்கொண்டு, உயிரோடு இருந்திருப்பான்.