கங்காணியின் யூரிக் ஆசிட் ஊசி

கம்பவுண்டர் வேலையில் பாதி மருந்து கலக்குவது, மீதி வாயை மூடிக்கொண்டிருப்பது. இரண்டாவதுதான் கஷ்டம் என்று இந்தத் தொழிலில் அடிபட்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் போடியில் ஒரு டாக்டரிடம் இருந்தேன்.

சூப்பு கறியில் சேராது

ஏலக்காய் மண்டி ராமசாமிக்குக் கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து, வேட்டி நுனி பட்டாலே துடிப்பார். ரத்தத்தை மதுரைக்கு அனுப்பிப் பார்த்ததில் யூரிக் ஆசிட் கூடியிருந்தது. கறியை நிறுத்தச் சொல்லி மருந்து கொடுத்தார் டாக்டர்.

பத்தே நாளில் முன்னைவிடப் பெரிய விரலோடு வந்தார். எலும்புக்குப் பலம் போதவில்லை என்று தாமே முடிவுகட்டி, தினமும் ஒரு செம்பு ஆட்டுக்கால் சூப்பு குடித்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

“டாக்டரு கறியத்தானப்பா வேண்டாம்னாரு? இது தண்ணிதானே.”

தும்மியதில் ஒடிந்த விலா

மாயாண்டி, போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்தில் கங்காணி. முப்பத்தைந்து வயது. ஈரச் சருகில் வழுக்கி உட்கார்ந்ததற்கே மணிக்கட்டு முறிந்தது. அடுத்த மழைக்குத் தும்மினார், விலா எலும்பு ஒடிந்தது. இன்னொரு தரம் விழுந்து இடுப்பு போனால் சரிவில் ஏற முடியாது, வேலையும் போய்விடும்.

டாக்டர் அவருடைய மழமழ முகத்தைப் பார்த்து, மீசை அரும்பும் வயதில் பொன்னுக்குவீங்கி வந்ததா என்று கேட்டார். வந்திருந்தது. விதையும் சேர்ந்து வீங்கியிருந்தது. அதில் விதை கெட்டு, ஆண்களுக்குச் சுரக்கிற ஹார்மோன் குறைந்தால் மீசை மட்டுமில்லை, எலும்பும் பலம் இழக்கும், மாதம் இரண்டு ஊசி போட்டால் தேறும் என்றார். மாயாண்டி துண்டை உதறி எழுந்துவிட்டார்.

“எலும்பு ஒடிஞ்சா ஒட்டிக்கிறலாம் சார். இது வெளிய தெரிஞ்சா தோட்டத்துல எவன் என் பேச்சக் கேப்பான்?”

மீசை வளர்த்த வம்பு

எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுவரை பின்னாலேயே போய், எல்லார் முன்னாலும் அதை யூரிக் ஆசிட் ஊசி என்றே கூப்பிடுவதாகச் சத்தியம் செய்தேன். கறி தின்னக் கொடுத்துவைத்தவர்களின் வியாதி என்று அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. மாயாண்டி சம்மதித்தார்.

நாலைந்து மாதத்தில் அவர் முகத்தில் மீசை கறுத்தது. பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கவனித்து வந்தார் ராமசாமி. ஒருநாள் மருந்து கொடுக்கும் கவுண்டரைத் தட்டி, அந்த ஊசியைக் கேட்டார். சூப்பை விட்டவர்களுக்கு மட்டுமே அந்த ஊசி என்று சொல்லித் தப்பித்தேன். மனுஷர் நிஜமாகவே சூப்பை விட்டார். விரலும் வற்றியது. ஆனால் அன்று அவர் தட்டிக் கேட்டது இது:

“எனக்கும் அதே ஆசிட்டுதானப்பா? அவருக்கு மீசை வளருது, எனக்கு வெரலுதான் வளருது.”

பேச்சியம்மாள்

ஐப்பசி மழையில் மலைப்பாதை சரிந்து, மாயாண்டிக்கு இரண்டு ஊசி தவறிவிட்டது. பாதை திறந்ததும் அவர் மனைவி பேச்சியம்மாள் வந்து, மருந்து இருக்கிறதா என்று விசாரித்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. நான் வழக்கம்போல யூரிக் ஆசிட் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கல்யாணமான புதுசுலயே தெரியும் அண்ணே. ஊரு என்னைய மலடிங்குது, சொல்லிட்டுப் போறாங்ய. அவரு விழாம நடந்தாப் போதும். எனக்குத் தெரியும்னு மட்டும் அவருட்டச் சொல்லிப்புடாதீக.”

ஆக, ஒரே ரகசியத்தைப் பெண்டாட்டிக்குத் தெரியாமல் புருஷனுக்காகவும், புருஷனுக்குத் தெரியாமல் பெண்டாட்டிக்காகவும் காத்துவந்த என்னைத்தான், வெறும் மருந்து கலக்குகிறவன் என்று போடியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.